இரண்டு காலுக்கும் ஒரே அளவு

பொற்கொடிக்குத் தலைக்கனம் என்று ஏழு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்ததோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பிளவுஸ் தைக்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லவும் செய்தேன். வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே ஊர்வம்பு பேசுகிற சாமர்த்தியம் தையல்காரிகளுக்கு உண்டு. எனக்கு அது கொஞ்சம் அதிகம்.

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், ஒரே காம்பவுண்டுக்குள் நான்கு வீடுகள். முதல் வீட்டில் நான். பெயர் ரம்ஜான் பீவி. பிறந்து வளர்ந்தது கோட்டைமேடு. கணவர் யாகூப் இறந்துபோன பிறகு, முன்னறையில் இரண்டு மெஷினைப் போட்டு இங்கே தைத்துப் பிழைக்கிறேன். இரண்டாவது வீட்டில் பொற்கொடி, அவள் கணவன் கிருபாசங்கர், ஒரே மகள் வர்ஷினி. கிருபாசங்கர் மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை. மாதத்தில் பாதி நாள் ஆந்திராவிலோ கர்நாடகாவிலோ பம்பு மாட்டிக்கொண்டிருப்பான். ஊரில் இருக்கும்போதும் அவன் குரலை நான் அதிகம் கேட்டதில்லை.

அவர்கள் குளியலறைக்கும் என் சமையலறைக்கும் ஒரே சுவர். காலையில் தொழுது முடித்து டீக்குத் தண்ணீர் வைக்கும்போது அந்தப் பக்கம் பைப் திறக்கும் சத்தம் கேட்கும். பிறகு பொற்கொடியின் குரல். ஏழாம் வாய்ப்பாடு, எட்டாம் வாய்ப்பாடு, இங்கிலீஷ் ஸ்பெல்லிங், மாநிலங்களும் தலைநகரங்களும். நடுவில் குழந்தை ஏதோ முனகும். மறுபடியும் வாய்ப்பாடு. ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, தீபாவளி கிடையாது. தூங்குகிற பிள்ளையை எழுப்பிக் குளியலறையில் உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறவள் என்ன பெண் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

ஒருநாள் துணி காயப்போடும்போது கேட்டே விட்டேன்.

"ஏனுங்க பொற்கொடி, பாத்ரூம்லயே வெச்சுக் கலெக்டராக்கிப் போடுவீங்களாட்ட இருக்குதே."

அவள் முகம் சட்டென்று வெளுத்தது. "அவ காலைல படிச்சாத்தானுங்க்கா மண்டைல நிக்குது" என்று சொல்லிவிட்டு, பாதித் துணியை வாளியிலேயே விட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாளிலிருந்து பைப்பை இன்னும் பெரிதாகத் திறந்து வைத்தாள். நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

தலைக்கனம் என்று சொல்ல எனக்கு வேறு சாட்சிகளும் இருந்தன. அவள் யார் வீட்டுக்கும் போக மாட்டாள். அவள் வீட்டில் யாரையும் இரவு தங்கவிட மாட்டாள். சொந்தத்தில் கல்யாணம் என்றால் முகூர்த்தத்துக்குப் போய்ச் சாப்பிட்டு மத்தியானமே பஸ் ஏறிவிடுவாள். மருதமலைக்குக் காம்பவுண்டே சேர்ந்து வேன் பிடித்தபோது அவர்கள் மட்டும் வரவில்லை. பள்ளியில் ஊட்டிக்கு இரண்டு நாள் சுற்றுலா கூட்டிப்போனார்கள். வர்ஷினியை அனுப்பவில்லை. அந்தக் குழந்தை அந்த இரண்டு நாளும் என் கடை வாசலில் உட்கார்ந்து வெட்டுத்துணியில் பொம்மை செய்துகொண்டிருந்தது. பி.காம் படித்து மில்லில் நல்ல வேலையில் இருந்தவளாம், பிள்ளை பிறந்ததும் விட்டுவிட்டாளாம். அதையும் சோம்பேறித்தனம் என்று கணக்கில் சேர்த்தேன்.

அந்த வீட்டுக்கு வந்துபோன ஒரே ஆள் கிருபாசங்கரின் அக்கா ராசாத்தாள். தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர்கள். யானை வந்து வாழையை முறித்துப் போட்ட கதையோடு காரில் வந்து இறங்குவாள், டிக்கியில் நான்கு இளநீர்க் குலை இருக்கும். நல்ல மனுஷி, சத்தமாகப் பேசுவாள். வர்ஷினியைப் பார்த்ததும் கன்னத்தைக் கிள்ளி, "எம்பட மருமகளுக்கு ஒடம்பு வெக்கவே மாட்டீங்குதே" என்பாள். அவளுக்கு ஒரு மகன், கிருபாசங்கருக்கு ஒரு மகள். அந்தக் குடும்பங்களில் முறை என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்து அவரவர் இஷ்டத்துக்கு யாரைக் கட்டினாலும், பிறந்த அன்றைக்கே இன்னாருக்கு இன்னார் என்று பெரியவர்கள் சொல்லிவைத்துக்கொள்வார்கள். ராசாத்தாள் அதைச் சொல்லும்போதெல்லாம் பொற்கொடி சமையலறைக்குள் போய்விடுவாள். வெட்கம் என்றுதான் நினைத்தேன். பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றையாவது நான் சரியாக நினைத்திருக்கிறேனா.

வர்ஷினி ஆறாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதம் அது. அந்தப் பள்ளியில் ஐந்தாவது வரைக்கும் பினோஃபார்ம் கவுன், ஆறாவதிலிருந்து சுடிதார். பிள்ளைகள் காலோடு ஒட்டின பேண்ட் வேண்டும் என்று கேட்கும். இரண்டு செட் தைத்துக் கொடுத்தேன். மறுநாளே வர்ஷினி பேண்டோடு வந்து நின்றது.

"ஆன்ட்டி, வலது காலு கரெக்டா இருக்குது. இடது காலு மட்டும் லொடலொடன்னு தொங்குது."

எனக்குச் சுருக்கென்றது. இருபத்தைந்து வருடம் தைத்த கை. பேண்டுத் துணியை இரண்டாக மடித்துப் போட்டுத்தான் வெட்டுவோம். ஒரே கத்தரியில் இரண்டு காலும் வரும், கூடக் குறைய வரவே வராது. அளவு எடுக்கும்போதும் எந்தத் தையல்காரரும் ஒரு காலைத்தான் அளப்பார். மறு கால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுவோம். அன்றைக்கு முதன்முறையாக ஒரு பிள்ளையின் இரண்டு கால்களையும் டேப் வைத்து அளந்தேன். வலது கெண்டைக்கால் பதினொன்றரை அங்குலம். இடது பத்தேகால். மூன்று தடவை அளந்தேன். அளவு நோட்டில் தேதி போட்டு இரண்டையும் எழுதினேன், எதற்கென்று தெரியாமலே.

பொழுதோடு பொற்கொடியைக் கூப்பிட்டுச் சொன்னேன். பக்குவமாகத்தான் சொன்னேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"கொழந்தைக்கு ஒரு காலு சூம்பினாப்பல இருக்குதுங்க. எதுக்கும் ஒரு டாக்டர்கிட்டக் காட்டிப்போடுங்க."

அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "உங்க வெட்டு தப்பாப் போச்சுன்னா தப்பாப் போச்சுன்னு சொல்லுங்க்கா. அதுக்கு எங்கொழந்த காலச் சொல்லாதீங்க" என்றாள்.

வெட்டைச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. பேண்டைப் பிடுங்காத குறையாக வாங்கி, இடது காலை மட்டும் ஒன்றேகால் அங்குலம் பிடித்து, யார் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாதபடி தைத்து, அன்று இரவே அவள் வாசல் கொடியில் போட்டுவிட்டு வந்தேன். என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். டீச்சர் பார்த்தாலும், சொந்தக்காரர் பார்த்தாலும், பெற்றவள் பார்த்தாலும் இரண்டு காலும் ஒன்றுபோல இருந்தன. அந்தக் காலை ஊர்க் கண்ணிலிருந்து மறைத்தது நான்தான். அதன் பிறகு பதினான்கு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அந்தப் பதினான்கு மாதத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததை எல்லாம் பிறகுதான் அவள் எனக்குச் சொன்னாள். வர்ஷினி அடிக்கடி தடுக்கி விழ ஆரம்பித்தாள். இடது ஷூ ஒரு பக்கமாகத் தேய்ந்தது. உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது என்றாள். நாள் முழுக்க மூத்திரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. ராசாத்தாள் வந்தபோது விஷயம் தெரிந்து, "பெரியவளாகப் போறா அம்மணி, அந்த நேரத்துல இடுப்பு வலியும் இருக்கும், இப்பிடியும் இருக்கும்" என்றாள். பொற்கொடிக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்ததென்றால், ஆறு மாதத்துக்கு அதையே தனக்கும் சொல்லிக்கொண்டாள். சீருக்கு என்ன சேலை எடுப்பது என்றுகூட நாத்தனாரும் அவளும் பேசினார்களாம்.

நடை ரொம்பக் கோணலான பிறகு ராசாத்தாளே தன் காரில் ஏற்றி ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் காலை ஆட்டிப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு எல்லா டாக்டரும் கேட்கிறதைக் கேட்டார்.

"பொறந்தப்ப ஏதாச்சும் பிரச்சினை, ஆபரேஷன் ஏதாச்சும் உண்டுங்களா?"

பக்கத்து நாற்காலியில் ராசாத்தாள், குழந்தையின் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"இல்லீங்க" என்றாள் பொற்கொடி.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். ஷூவுக்குள் வைக்க ஒரு தடிமனான அட்டையும், காலுக்கு உடற்பயிற்சியும் சொன்னார். சொன்னதை நம்பித்தானே அவர் வைத்தியம் பார்க்க முடியும். அந்த உடற்பயிற்சியைப் பொற்கொடி ஒரு நாள்கூட விடாமல் செய்யவைத்தாள்.

போன ஆகஸ்டில் ஒரு மத்தியானம். பள்ளியில் பரீட்சை, அரை நாளில் விட்டுவிட்டார்கள். பொற்கொடி கேஸ் ஆபீசுக்குப் போயிருந்தாள், வீடு பூட்டியிருந்தது. வர்ஷினி என் வாசலில் வந்து நின்றது, புத்தகப் பையைப் பின்பக்கம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு. சுடிதார் நனைந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. என் பெண் ஹிபாவின் பழைய நைட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்து, குளித்துவிட்டு வா என்றேன். அவள் துணியை அலசிப் போட்டுவிட்டுச் சாதம் போட்டேன். சாப்பிட்டுவிட்டு முன்னறையில் இங்கும் அங்கும் நடந்துகொண்டு, பொம்மைக்குத் துணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். தரையில் புள்ளி புள்ளியாகச் சிவப்பாக ஏதோ தெரிந்தது. பார்த்தால் ரத்தம்.

"கண்ணு, நில்லு. காலத் தூக்கு."

இடது உள்ளங்காலில் ஒரு குண்டூசி தலைவரைக்கும் இறங்கியிருந்தது. அதோடு அந்தப் பிள்ளை பத்து நிமிடமாக நடந்துகொண்டிருந்தாள்.

"வலிக்கலியா சாமி?"

"எது ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

ஊசியைப் பிடுங்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "அம்மாகிட்டச் சொல்லாதீங்க ஆன்ட்டி, அம்மா அழுவாங்க" என்றாள். விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. ஷூ உரசிய இடத்தில் ஒரு புண், அதுவும் அவளுக்குத் தெரியாது. அந்தக் காலை அன்றைக்கே அளந்தவள் நான். கோபித்துக்கொண்டு பதினான்கு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளும் நான். என்மேலே எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

பொற்கொடி வந்தாள். வாசலில் நின்றபடியே கூப்பிட்டாள். நான் வெளியே போய்க் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து, மெஷின் ஸ்டூலில் உட்காரவைத்தேன். ஊசியை அவள் உள்ளங்கையில் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

"இப்பவும் என்ற வெட்டுத் தப்புன்னு சொல்லு பொற்கொடி."

அவள் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வர்ஷினிக்குக் கேட்காத குரலில், "அவளுக்குப் பொறக்கறப்பவே பின்னால வழி இல்லீங்க்கா" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவள் வரிசையாகச் சொன்னாள். பன்னிரண்டு வருடமாக ஒருவரிடமும் சொல்லாததை அன்றைக்கு ஒரே மூச்சில் சொன்னாள். பிறந்த இரண்டாவது நாளே வயிற்றில் துளை போட்டுப் பை மாட்டினார்கள். மூன்றாம் மாதம் பின்பக்கம் மலம் போக வழி உண்டாக்க ஒரு ஆபரேஷன். ஆறாம் மாதம் வயிற்றுத் துளையை மூட இன்னொன்று. தலைப்பிரசவம் என்பதால் அவள் தாய்வீட்டில் மாதக்கணக்கில் இருந்ததை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. புருஷன் வீட்டில் மஞ்சள்காமாலை என்று சொன்னார்கள், பிறகு குடல் முறுக்கு என்றார்கள். சொன்னது பொற்கொடியின் அம்மா. பெண் குழந்தை, வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாளாம். அந்த அம்மாவும் இப்போது இல்லை. சத்தியம் மட்டும் இவளிடம் தங்கிவிட்டது.

வழி உண்டாக்கினாலும் அடக்கும் சக்தி அந்தக் குழந்தைக்கு வரவில்லை. தினமும் காலையில் எனிமா கொடுத்துக் குடலைச் சுத்தமாகக் கழுவிவிட்டால் அன்று முழுக்கப் பிரச்சினை இருக்காது. அதற்கு ஒரு மணி நேரம் குழந்தை உட்கார்ந்தே இருக்க வேண்டும். வலிக்கும், அழும். அழுகையை நான் கேட்டுவிடக் கூடாது என்று பைப்பைத் திறந்துவிடுவாள். குழந்தை வலியை மறக்க வேண்டும் என்று வாய்ப்பாடு சொல்லவைப்பாள்.

"நீங்க கலெக்டர்னு கேட்டீங்களே, அன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சுப் பயந்துட்டேனுங்க்கா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏழு வருடம் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நின்று டீ குடித்தவள் நான். கல்யாணத்துக்குப் போய்த் தங்காதது, வேனில் வராதது, வேலையை விட்டது எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் காரணம். தலைவலி என்று படுத்தால்கூட அவளுக்கு மாற்று ஆள் இல்லை. கிருபாசங்கருக்குத் தெரியும், ஆனால் அவன் அந்தக் கதவுப் பக்கம் வந்ததில்லை. இப்படி ஒரு தனிமையில் ஒருத்தி பக்கத்து வீட்டிலேயே இருந்திருக்கிறாள். நான் அதற்குத் தலைக்கனம் என்று பெயர் வைத்திருந்தேன்.

"ஆபரேஷன் பண்ணுன டாக்டர் வேற ஒண்ணுஞ் சொல்லலியா?"

"முதுகுத்தண்ட ஒருக்கா ஸ்கேன் பண்ணிப் பாக்கோணும்னாருங்க. இந்த மாதிரிக் கொழந்தைகளுக்கு அங்கயும் கோளாறு இருக்கலாமுன்னு. கொழந்தையா இருக்கறப்ப ஒண்ணு எடுத்தாங்க. சந்தேகமா இருக்குது, ஒரு வயசுல எம்ஆர்ஐ எடுக்க வாங்கன்னாங்க. நான் போகலீங்க." ஊசியை மெஷின்மேல் வைத்தாள். "மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனா எதுக்குன்னு கேப்பாங்களே."

அந்த ஃபைல் எங்கே என்று கேட்டேன். பேங்க் லாக்கரில், நகைக்கு அடியில் என்றாள். நாத்தனார் உரிமையோடு பீரோவைத் திறப்பாள், லாக்கரைத் திறக்க முடியாது அல்லவா. மறுநாள் காலை பேங்க் திறந்ததும் போய் எடுத்தோம். கிருபாசங்கர் கர்னூலில் இருந்தான். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன்.

எம்ஆர்ஐ எடுத்தார்கள். நரம்பு அறுவை டாக்டர் பாலகோபால் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். முதுகுத்தண்டுக்குள் இருக்கும் நரம்புத் தண்டு அடியில் தளர்வாக விடுபட்டு இருக்க வேண்டுமாம். இவளுக்கு அது கீழே கொழுப்புக் கட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை உயரமாக வளர வளர எலும்பு நீள்கிறது, ஒட்டின நரம்பு அதோடு போக முடியாமல் இழுபடுகிறது. கால் சூம்பினது, உணர்ச்சி போனது, மூத்திரம் நிற்காதது, முதுகு வலி எல்லாம் அந்த இழுப்பினால்தான். மெஷினில் நூல் சிக்கியது தெரியாமல் துணியை இழுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மேலே கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இப்பிடிப் பொறக்கற கொழந்தைகள்ல நெறையப் பேருக்கு இதுவும் கூடவே இருக்குமுங்க. அதனாலதான் பாக்கச் சொல்றது. காலு எப்பத்திலிருந்து இப்பிடி?"

பொற்கொடி என்னைப் பார்த்தாள். நான் பையிலிருந்து அளவு நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். டாக்டர் தேதியைப் பார்த்தார், இரண்டு அளவையும் பார்த்தார். "பதினாலு மாசம்" என்றார். "இத்தன நாளா எந்த டாக்டரும் பழைய ஆபரேஷன் பத்திக் கேக்கலீங்களா?"

"கேட்டாங்க சார்" என்றாள் பொற்கொடி. "நாந்தான் இல்லைன்னு சொல்லிப்போட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஒட்டியிருப்பதை விடுவித்துவிடலாம், இனிமேல் மோசமாவது நிற்கும், வலி போகும், மூத்திரக் கட்டுப்பாடு ஓரளவு திரும்பலாம் என்றார். காலைப் பற்றிப் பேசும்போது மட்டும் பேனாவை மூடி மூடித் திறந்தார். போன உணர்ச்சியும் போன சதையும் இத்தனை நாள் கழித்துத் திரும்புவது சந்தேகம். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் வாய்ப்பு நிறைய இருந்திருக்கும்.

ஆபரேஷன் அன்று கிருபாசங்கர் வந்துவிட்டான். காரிடாரில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவன், அதை விட்டு நகரவே இல்லை. ராசாத்தாளும் வந்தாள். பொற்கொடி அவளைத் தனியாக ஒரு பெஞ்சுக்குக் கூட்டிப்போய், ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ராசாத்தாள் கத்தவில்லை. கையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்பிடீங்களா" என்றாள், "பாவம், கொழந்த" என்றாள். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். வாங்கிவந்த மாதுளம்பழத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு, தோப்பில் தேங்காய் இறக்க ஆள் வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். எம்பட மருமக என்ற வார்த்தையை அன்றைக்கு அவள் சொல்லவில்லை.

பொற்கொடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவ்வளவுதானுங்க்கா" என்றாள். "பன்னண்டு வருசமாப் பயந்தேன். பத்து நிமிசத்துல முடிஞ்சுபோச்சு. இதுக்கா எம்பொண்ணு காலக் குடுத்தேன்." அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதுகில் தையல் இருந்ததால் சில நாள் குப்புறப் படுக்கவைத்தார்கள். நாலாம் நாள் நான் போனபோது வலி இல்லை என்று வர்ஷினி சிரித்தாள். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து உள்ளங்காலில் ஒரு குச்சியால் கோடு இழுத்துப் பார்த்தார். வலது கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. இடது கால் அப்படியே கிடந்தது. கோடு இழுத்தது தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றாள். பரவாயில்லை, நடக்க நல்ல ஷூ செய்துகொள்ளலாம், இந்தக் காலில் காயம் படாமல் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளிடமே சொன்னார். அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் நேரடியாகப் பேசிய முதல் டாக்டர் அவர்தான்.

அவர் போன பிறகு அறையில் நாங்கள் மூன்று பேர். வர்ஷினி தலையணையில் கன்னத்தை வைத்து எங்கள் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். பொற்கொடி சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

"ஏங் கண்ணு."

"அந்த எலும்பு டாக்டர் கேட்டாரல்ல, ஆபரேஷன் ஏதாச்சும் உண்டான்னு. நீ இல்லைன்னு சொன்னே. நான் பக்கத்துலதான் இருந்தேன்." தலையணை உறையின் ஓரத்தை விரலில் சுற்றினாள். "நீ சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தியா, அதனால நானும் சொல்லல. அன்னிக்குச் சொல்லியிருந்தா என்ற காலு சரியாகியிருக்குமா?"

டாக்டர்கூட உறுதியாகச் சொல்லவில்லை, வாய்ப்பு என்றுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாம். நான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் ஆருக்குச் சாமி தெரியும், டாக்டரே…"

பொற்கொடி கையை நீட்டி என்னை நிறுத்தினாள். சாத்துக்குடியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"ஆகியிருக்கும் கண்ணு" என்றாள். "அம்மாதான் சொல்லல. ஆரோ ஏதோ பேசுவாங்கன்னு பயந்துட்டுச் சொல்லல. உம்மேல தப்பே இல்ல."

வர்ஷினி அம்மாவையே பார்த்தாள். கேள்வி கேட்கும்போது அந்த முகத்தில் கோபம் இல்லை. பதில் வந்த பிறகுதான் உதடு துடித்தது. திரும்பிப் படுக்க அவளால் முடியாது. முதுகை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் தலையை மட்டும் மெதுவாகத் தூக்கி, மறு கன்னத்தைத் தலையணையில் வைத்து, சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

கட்டிலைச் சுற்றி நாலு எட்டு வைத்தால் அந்தப் பக்கம் போய் முகத்தைப் பார்த்துவிடலாம். நானாக இருந்தால் போயிருப்பேன். கெஞ்சியிருப்பேன், கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். பொற்கொடி போகவில்லை. மகள் காட்டிய பின்னந்தலைக்கு எதிரில், நர்ஸ் ஊசி போட வரும்வரை, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.